வழிகாட்டி யாராக இருக்கலாம்? பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மூன்று தேர்வுகள்

பார்வையோ செவித்திறனோ குறைந்த ஒரு பிள்ளைக்கு வழிகாட்டி தேடும்போது, பெரும்பாலும் மூன்று விதமான ஆட்கள் கண்ணில் படுவார்கள். அதே குறைபாட்டோடு வளர்ந்து, இன்று வேலை, குடும்பம் என்று வாழ்கிற பெரியவர் ஒருவர். அதே குறைபாடுள்ள, பிள்ளையைவிட நாலைந்து வயது மட்டுமே மூத்த ஓர் அண்ணனோ அக்காவோ இன்னொருவர். மூன்றாமவருக்குக் குறைபாடு எதுவும் இருக்காது, ஆனால் பிள்ளைக்கு ஆர்வமுள்ள துறையில் நல்ல கைதேர்ந்தவர். மூவருமே நல்ல மனம் கொண்டவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இதில் யாரை முதலில் கூப்பிடுவது? பள்ளி, பயிற்சி, மருத்துவர் என்று பிள்ளையின் வாரம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும். மூன்று பேருக்கும் அதில் நேரம் ஒதுக்க முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கேளாத பிள்ளைக்கு முதல் வழிகாட்டி காது கேளாத பெரியவராகத்தான் இருக்க வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கு நாலைந்து வயது மூத்தவரிடம் தொடங்குவது மேல். துறை வல்லுநர் இரண்டு பேருக்குமே அடுத்த கட்டத்தில் வரட்டும். இரண்டு குறைபாட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாதா என்று கேட்பீர்கள். பொருந்தாது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் கிடைக்காமல் போவது ஒரே பொருள் கிடையாது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரெயில் கற்றுத்தருபவர், வெண்கோல் பிடித்து நடக்கச் சொல்லித்தரும் நடமாட்டப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லாரும் ஆசிரியர்கள். அவர்களுக்குப் பாடத்திட்டம் உண்டு. வழிகாட்டிக்கு அது கிடையாது. பிள்ளை எதைக் கேட்கிறதோ, எதைக் கேட்கக் கூச்சப்படுகிறதோ, அதுதான் அவருடைய பாடம். இதை யாரோ விருப்பப்பட்டுச் செய்யும் உபரிச் சேவையாக நினைக்க வேண்டியதில்லை. ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு, பிரெயில் கற்பது, நடமாட்டத் திறன் பெறுவது ஆகியவற்றோடு ஒரே வரியில் சகாக்களின் ஆதரவையும் வழிகாட்டலையும் சேர்த்தே சொல்கிறது.

காது கேளாத பிள்ளை: முதலில் மொழி

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பது அமெரிக்கக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்து, இன்று பரவலாக எடுத்தாளப்படும் ஒரு விவரம். இதற்கு நடைமுறை அர்த்தம் என்னவென்றால், அந்தக் குழந்தை வீட்டில் தன்னைப் போன்ற ஒரு பெரியவரைப் பார்க்காமலே வளர்ந்துவிடலாம். சின்ன வயதில் தாங்கள் வளர்ந்ததும் காது கேட்க ஆரம்பித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்ததாகச் சொல்லும் காது கேளாத பெரியவர்கள் உண்டு. காரணம் எளிது. அவர்கள் பார்த்த பெரியவர்கள் எல்லாருக்கும் காது கேட்டது.

வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டி, என்ன என்று கேட்கிறது. "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று பதில் வருகிறது. அந்த அப்புறம் வராது. வந்தாலும், பத்து நிமிடப் பேச்சு ஒரு வரியாகச் சுருங்கி வரும். யார் யாரைக் கிண்டல் செய்தார்கள், மாமா ஏன் கோபித்துக்கொண்டார், அத்தை எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. காது கேட்கும் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே உலகத்தைக் கற்றுக்கொள்வது இப்படிக் காதில் விழுகிற பேச்சிலிருந்துதான். காது கேளாத பிள்ளை இழப்பது ஒலியை மட்டும் என்று நினைத்தால், வழிகாட்டியைத் தப்பாகத் தேர்ந்தெடுப்போம்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களே என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் "பணம்" என்றும் "மணம்" என்றும் சொல்லிப் பாருங்கள். "பாடு", "மாடு" சொல்லுங்கள். உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ககரம் தொண்டைப் பக்கம் பிறப்பதால் கண்ணுக்கே எட்டாது. மீதியை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். ஏற்கெனவே மொழி நன்றாக வந்தவர்களுக்கே அந்த ஊகம் கைகூடும். மீசையை முறுக்கிக்கொண்டு, பாதி நேரம் கணினித் திரையைப் பார்த்துப் பேசும் ஒரு நல்ல மனிதர் இங்கே எவ்வளவு உதவ முடியும்?

சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. பாடத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை காதல், பயம், அப்பாவோடு சண்டை இதையெல்லாம் மூன்றாவது ஆள் வழியாகச் சொல்லாது. அந்த மூன்றாவது ஆள் அம்மாவாகவோ தங்கையாகவோ இருந்துவிட்டால், வழிகாட்டல் என்பது அப்போதே முடிந்துபோயிற்று.

வரலாறும் இந்தப் பக்கமே சாய்கிறது. காது கேளாதோருக்குக் கற்பிக்கும் முறையைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா போன தாமஸ் கலாடெட், 1816-ல் திரும்பும்போது பாரிஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான லாரன்ட் கிளெர்க்கைக் கூட அழைத்து வந்தார். கிளெர்க்குக்குக் காது கேட்காது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அவர்கள் தொடங்கிய பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, முறை, புத்தகம் இதற்கெல்லாம் மேலாக, நன்கு படித்த, காது கேளாத ஒரு மனிதர் தினமும் எதிரே நின்றார். பிறகு 1880-ல் இத்தாலியின் மிலானில் கூடிய, காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் மாநாடு, சைகையை ஒதுக்கிவிட்டுப் பேச்சு வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள். பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வகுப்பறையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அதே மாநாட்டுத் தொடர் 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடியபோதுதான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் தங்களைப் போன்ற ஒரு பெரியவரைப் பள்ளியில் பார்க்காமலே படித்து முடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது புரியும்.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. காக்ளியர் இம்பிளான்ட் (ஒலியைச் செவி நரம்புக்குக் கடத்த அறுவைசிகிச்சையில் உள்காதில் பொருத்தும் கருவி) வைத்துப் பேச்சு வழியில் வளரும் பிள்ளைக்கு, சைகை மொழியில் மட்டுமே வாழும் பெரியவரோடு முதலில் பேச்சே ஓடாது. சில பெரியவர்களுக்கு இம்பிளான்ட் மீதே கோபம் உண்டு. அவர்கள் பட்ட பாட்டில் அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் வீட்டார் எடுத்த முடிவுக்கும் வழிகாட்டியின் கொள்கைக்கும் நடுவில் பிள்ளை நின்று இழுபடக் கூடாது. முதல் சந்திப்புக்கு முன்பே இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கருவி வைத்துக்கொண்டு சைகையும் அறிந்த ஒருவர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

பார்வையற்ற பிள்ளை: செய்யும் விதம்

பார்வையற்ற பிள்ளையின் நிலை வேறு. வீட்டின் மொழிதான் அதன் மொழி. மாலை நேரப் பேச்சு முழுக்கக் காதில் விழுகிறது. மாமாவின் கோபம் வீட்டில் முதலில் தெரிவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைக்குத்தான். தவறிப்போவது, பார்த்தே கற்றுக்கொள்ளும் சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டில் யாருக்கும் அவற்றைக் கண்ணில்லாமல் செய்யத் தெரியாது என்பதால், சொல்லித்தரவும் முடிவதில்லை. பாசத்தில் அவர்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

பல் துலக்கும் பிரஷ்ஷில் பற்பசையைச் சரியாக வைப்பது எப்படி? பார்வையுள்ளவர்கள் இதற்கு விதவிதமாக யோசனை சொல்வார்கள். பார்வையற்ற ஓர் அக்கா, "பிரஷ்ல ஏன் வைக்கணும்? நேரா வாயில கொஞ்சம் பிதுக்கிக்கோ" என்று முடித்துவிடுவார். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பில் விரல் நுனியை வைத்துக்கொள்வது, சூடானதாக இருந்தால் நிரம்ப நிரம்ப ஒலி மாறுவதைக் கேட்பது, ரூபாய் நோட்டுகளை மதிப்பு வாரியாக வெவ்வேறு விதமாய் மடித்து வைப்பது, ஒரே துணியில் இரண்டு நிறச் சட்டை இருந்தால் ஒன்றின் உள்பக்கம் ஊக்கு குத்தி அடையாளம் வைப்பது என்று இந்தக் கைவேலைகளுக்கு முடிவே இல்லை.

இதையெல்லாம் பெரியவரும் சொல்லித்தரலாமே என்றால், தரலாம். ஆனால் இன்றைய பார்வையற்ற மாணவரின் பாதி வாழ்க்கை கைப்பேசியில் இருக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரை வேகமாகப் பேசவிட்டுக் கேட்பது, பொத்தானுக்குப் பெயர் வைக்காத ஒரு செயலியில் சிக்கினால் எப்படி வெளியே வருவது, ஸ்கேன் செய்த பாடப்புத்தகத்தைப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது, தேர்வில் சொல்வதை எழுதுபவரோடு ஒத்துப்போவது ஆகியவற்றை நேற்றுத்தான் தாண்டி வந்தவர் சொல்வதில் தனிக் கூர்மை இருக்கும். வெண்கோலை மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொள்ளும் பதின்மூன்று வயதுப் பையனிடம் ஐம்பது வயதுக்காரர் வந்து அதன் அவசியத்தை விளக்கினால், அறிவுரை போலக் கேட்கும். கல்லூரிக்குப் போகும் அண்ணன் அதைப் பட்டென்று உதறி விரித்துக்கொண்டு நடந்துபோனால், விளக்கம் தேவைப்படாது.

வயது நெருக்கத்தின் பலன் சில சமயம் எங்கோ போய் முடியும். பார்வையற்றோர் பலர் இன்று இலவசமாகப் பயன்படுத்தும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். சிறுவர்களாக ஓர் இசை முகாமில் சந்தித்துக்கொண்டவர்கள். யாரும் யாருக்கும் அங்கே வழிகாட்டியாக நியமிக்கப்படவில்லை. அதனால்தான் தனி வழிகாட்டி கிடைக்காவிட்டாலும், பிள்ளைகளைக் கூடும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்வேன்.

நெருங்கிய வயதுக்காரரிடம் ஒரு பலவீனம் உண்டு. அவருக்கும் நிலையான வாழ்க்கை இன்னும் அமைந்திருக்காது. தேர்வு வந்தால் காணாமல் போவார். வேலை, திருமணம், குழந்தை வளர்ப்பு பற்றிக் கேட்டால் அவருக்கும் தெரியாது. பதினேழு, பதினெட்டு வயதில் பிள்ளையின் கேள்விகள் அந்தப் பக்கம் திரும்பும்போது, பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று பார்வையற்ற ஓர் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும், அது முடியும் என்று யாரோ சொல்லக் கேட்பதும் ஒன்றாகாது.

துறை வல்லுநர் எப்போது?

பார்வையும் செவித்திறனும் உள்ள வல்லுநரை நான் பின்னுக்குத் தள்ளுவது போலத் தெரியலாம். அவரால்தான் திறக்க முடிகிற கதவுகள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். சட்டம், இசை, நிரலாக்கம் என்று ஒரு துறைக்குள் ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பவர் அவர். ஆனால் அவர் சொந்தப் புலன்களை வைத்தே பிள்ளைக்கும் திட்டம் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிய வாலன்டின் ஆவி பெரிய மனதுக்காரர். அவர் செய்த புத்தகங்களில் சாதாரண எழுத்துகளே பெரிதாகப் புடைத்து நின்றன. பார்வையுள்ளவருக்குப் பார்த்ததும் புரியும். விரலுக்கோ அது தடுமாற்றம். ராணுவத்தில் இருந்த சார்ல்ஸ் பார்பியே என்பவர் புள்ளிகளாலான ஒரு முறையை அங்கே கொண்டுவந்தார். ஒரு கட்டத்தில் 12 புள்ளிகள் வரை. விரல் நுனிக்குள் அடங்காது. அந்தப் பள்ளி மாணவரான லூயி பிரெயில் அதை 6 புள்ளிகளாகக் குறைத்து, 1824-ல் தன் 15-வது வயதில் ஒரு முறையாக்கினார். பார்பியேவுக்குக் கண் தெரியும். அவர் இல்லாமல் பிரெயில் எழுத்து இல்லை. ஆனால் விரலுக்கு எது பொருந்தும் என்பதை விரலால் படிப்பவர்தான் சொல்ல முடிந்தது. மாணவர்கள் ஆசையாக எடுத்துக்கொண்ட அந்த முறையைப் பள்ளி அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். பிரெயில் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நல்ல வல்லுநர் எப்படி இருப்பார் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனிக்கு 12 வயதுக்குள் செவித்திறன் பெரும்பாலும் போய்விட்டது. அவருடைய பள்ளித் தாள ஆசிரியர் அவரைச் சுவரில் இரு கைகளையும் பதித்து நிற்கச் சொல்லிவிட்டு, பெரிய மேளங்களைத் தட்டினார். எந்தச் சுரம் உடம்பில் எங்கே அதிர்கிறது என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ஆசிரியருக்குக் காது நன்றாகவே கேட்டது. "உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்கும் பொறுமையும் இருந்தது.

இந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை முதல் அரை மணி நேரத்திலேயே பார்த்துவிடலாம். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "இவனுக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்று உங்களிடம் கேட்கிறாரா, பிள்ளையிடமே கேட்கிறாரா? பார்வையற்ற பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாரா, முழங்கைக்கு மேலே பிள்ளை பிடித்துக்கொள்ளும்படி தன் கையை நீட்டி அரை அடி முன்னால் நடக்கிறாரா? ஒரு பொருளைக் காட்டும்போது பிள்ளையின் கையைப் பிடித்து அதன்மேல் வைக்கிறாரா, தன் கையை அடியில் வைத்து, பிள்ளை விரும்பினால் தொடட்டும் என்று விடுகிறாரா? தெரியாமல் செய்தால் தப்பில்லை, சொன்னால் மாற்றிக்கொள்வார். சொன்ன பிறகும் மாறாதவரை நம்பி அடுத்த சந்திப்பு வைக்க வேண்டாம்.

இதைவிட மோசம், எதற்கெடுத்தாலும் புகழ்வது. "கண் தெரியாமலே இவ்வளவு செய்கிறாயே!" என்று சொல்பவர் பிள்ளையின் வேலையில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்ட மாட்டார். சுமாரான நிரலைச் சுமார் என்று சொல்லத் தயங்குகிற வல்லுநரால் பிள்ளைக்கு அந்தத் துறையில் இடம் பிடித்துத் தர முடியாது.

நடுவில் நிற்கும் பிள்ளைகள்

கொஞ்சம் பார்வை உள்ளவர்கள், கருவி போட்டால் ஓரளவு கேட்பவர்கள் ஆகியோரைப் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன. குறைப்பார்வை உள்ள பெண்ணுக்கு, முற்றிலும் பார்வையற்றவர் நல்ல வழிகாட்டிதான். ஆனால் வெயிலின் கூச்சம், எழுத்தின் அளவு, பின்னணி நிறத்தின் வேறுபாடு, உருப்பெருக்கியை எந்தத் தூரத்தில் பிடிப்பது என்பதெல்லாம் அவருடைய அனுபவத்தில் இருக்காது. "இவ்வளவு தெரியுது, அப்புறம் ஏன் இது தெரியலை?" என்ற கேள்வியைத் தினமும் எதிர்கொள்வதும் இந்தப் பெண்தான். கருவி போட்ட பையன் வகுப்பில் பாதி புரியாமலே தலையாட்டிக்கொண்டு இருப்பான். நாள் முழுக்க உற்றுக் கேட்டதில் மாலையில் களைத்துப் படுத்துவிடுவான். வீட்டில் சோம்பேறி என்பார்கள். இவர்களுக்குக் குறைபாட்டின் பெயரைவிட அளவு பொருந்துவது முக்கியம். அதே அளவு கேட்கும், "திரும்பச் சொல்லுங்கள்" என்று கூசாமல் கேட்கும் ஓர் அண்ணனைப் பார்த்தால் போதும்.

விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகும் நோய் இருந்தால், அதே நோயில் பார்வையை முழுதும் இழந்துவிட்ட பெரியவரை அவசரப்பட்டு அறிமுகப்படுத்தாதீர்கள். பதினான்கு வயதில் அது ஆறுதலாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். பிள்ளையே கேட்கட்டும். அஷர் நோய்க்குறி போலச் செவித்திறனோடு பார்வையும் சேர்ந்து குறையும் நிலையில், சைகை மொழியைப் பார்வை இருக்கும்போதே நன்றாகக் கற்றுக்கொண்டு, பிறகு கைமேல் கை வைத்துத் தொட்டு உணரும் முறைக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் தேடிப் பிடிக்கலாம்.

தொலைவிலிருந்தா, நேரிலா?

இங்கேயும் இருவருக்கும் கணக்கு மாறுகிறது. பார்வையற்ற பிள்ளைக்குத் தொலைபேசிப் பேச்சு இயல்பானது, பேசுபவரின் முகம் தெரியவில்லையே என்ற குறையும் இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பேசினாலே உறவு வளரும். கைவேலைகளுக்கு மட்டும் நேரில் சந்திக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்குக் காணொளி அழைப்பு ஒருவரோடு ஒருவர் என்றால் நன்றாகவே நடக்கும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது, கைகள் திரைக்குள் முழுதாகத் தெரிய வேண்டும். ஆறு பேர் சேர்ந்த குழு அழைப்பு என்றால் திரையில் கைகள் சிறுத்து, யார் பேசுகிறார்கள் என்று தேடுவதற்குள் பாதி போய்விடும். குழுவாக என்றால் நேரில் வட்டமாக உட்காருவதே சரி. தானாக ஓடும் எழுத்துரையை நம்பிச் சைகையை விட்டுவிடுவதும் வேண்டாம். பெயர்களையும் பேச்சு வழக்கையும் அது கண்டபடி எழுதும்.

பாதுகாப்பைப் பற்றி நல்லெண்ணம் உள்ளவர்கள் பேசவே கூச்சப்படுகிறார்கள். வழிகாட்டி மட்டும்தான் பிள்ளையின் வாழ்க்கையில் சைகை தெரிந்த ஒரே பெரியவர் என்றால், அவரைப் பற்றிய புகாரை அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? அதனால் சைகை தெரிந்த இன்னொருவரையும் பழக்கத்தில் வைத்திருங்கள். பார்வையற்ற பிள்ளைக்கு, அறையில் வேறு யார் இருக்கிறார்கள், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லும் வழக்கத்தை வழிகாட்டியிடம் முதல் நாளே எதிர்பார்க்கலாம். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் உண்டு. ஆட்களைச் சேர்த்துவைக்கும் அமைப்பு, வழிகாட்டிகளின் பின்னணியைச் சரிபார்க்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற அமைப்பு வேண்டாம்.

கடைசியில் ஒரு நடைமுறை விஷயம். ஒருவரை மட்டும் கொண்டுவந்து "இவர்தான் உன் வழிகாட்டி" என்று நிறுத்தாமல், முடிந்தால் இருவரைச் சந்திக்கவைத்துப் பிள்ளையே தேர்ந்தெடுக்கவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, தொடர வேண்டுமா என்று பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். காது கேளாத பிள்ளையிடம் கேட்பவர் சைகை தெரிந்த, அந்த வழிகாட்டியோடு தொடர்பில்லாத ஒருவராக இருக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால், காரணம் சொல்லும்படி நெருக்காமல் அடுத்தவரைத் தேடலாம்.